எக்கோ நார்மல்தான், ஆனாலும் இசிஜி எடு

அன்புள்ள தங்கைக்கு,

போன வியாழக்கிழமை எக்கோ அறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, நினைவிருக்கிறதா? உன் மகன் தாடையைத் தூக்கித் தூக்கிச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கோ நார்மல்னு சொல்லிட்டாங்கக்கா. இதயத்துல ஒண்ணுமில்லையாம். இனிமே கண்ணை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்" என்று அழுதாய். நானும் சேர்ந்து அழுதேன். உன் முகத்தில் அவ்வளவு நாள் கழித்து வந்த வெளிச்சத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் சொல்லாமல் வந்தது உறுத்த ஆரம்பித்தது. உன் போன் நம்பரைக்கூட வாங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உன் கண்ணில் படாவிட்டாலும் உன் நிலையில் இருக்கும் இன்னொருத்தி கண்ணில் படட்டும்.

எக்கோ பார்ப்பது இதயத்தின் தசையை. சுவர் தடித்திருக்கிறதா, நன்றாகச் சுருங்குகிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று சொல்லும். நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கும், கண்ணையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கும் கேர்ன்ஸ்-சேயர் நோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது தசை இல்லையம்மா. தசைக்குள் ஓடுகிற மின்சாரப் பாதை. அது எக்கோவில் தெரியாது, இசிஜியில்தான் தெரியும். அதுவும் ஒரே ஒரு இசிஜியில் தெரிந்துவிடாது. திரும்பத் திரும்ப எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

என் மகளின் டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். இதயத்தின் மேலறையில் ஒரு முடிச்சு, அங்கேதான் துடிப்பு பிறக்கிறது. நடுவில் இன்னொரு முடிச்சு. அதிலிருந்து கீழறைகளுக்கு வலது, இடது என இரண்டு கிளைகள். இடது கிளை மறுபடியும் இரண்டாகப் பிரியும். ஆக மொத்தம் மூன்று பாதை. இரண்டு அடைபட்டாலும் மிச்சமிருக்கும் ஒன்று வேலையைச் செய்துவிடும். பிள்ளை ஓடும், சிரிக்கும், சைக்கிள் மிதிக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. மூன்றாவதும் அடைபட்டால் மேலறையின் துடிப்பு கீழே வந்து சேராது. கீழறை தானாக மெதுவாகத் துடிக்கும், சில சமயம் துடிக்காமலே போகும்.

என் மகளுக்குப் பத்து வயதில் இமை இறங்க ஆரம்பித்தது. நான் கவனித்தது வகுப்பு போட்டோவில்தான். எல்லாப் பிள்ளைகளும் நேராகப் பார்க்க, இவள் மட்டும் தாடையை உயர்த்திக்கொண்டு நின்றாள். திமிராக நிற்கிறாள் என்று திட்டினேன். அந்தத் திட்டு இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. பன்னிரண்டு வயதில் இமை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்துக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் இசிஜியில் வலது கிளை அடைபட்டிருந்தது. முதலில் பார்த்தவர், சில பிள்ளைகளுக்கு அப்படி இருக்கும், பரவாயில்லை என்றார். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர்தான் தாளையும் மகளின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணும் இதயமும் சேர்ந்து வந்திருக்கு. இன்னிக்கு வேண்டாம்" என்று நிறுத்தினார். அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுகிறோம்.

பிறகு நரம்பியல் பிரிவு, தொடையிலிருந்து தசைத் துணுக்கு, மரபணுப் பரிசோதனை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு, அதில் 16,569 எழுத்துகள். அதில் 4,977 எழுத்துகள் கொண்ட ஒரே பெரிய துண்டு என் மகளுக்குப் பல செல்களில் இல்லை. இந்த நோயில் அடிக்கடி காணப்படும் இழப்பு அதுதானாம். இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். அவ்வளவு எரிபொருள் கேட்கிற உறுப்பில் கோளாறு வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

(மற்ற மைட்டோகாண்ட்ரியா நோய்களில் இது மாறும். ஆண் பிள்ளைகளுக்கு வரும் பார்த் நோயில் இதயத் தசையே தளர்ந்து விரியும். மெலாஸ் நோயில் பெரும்பாலும் சுவர் தடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு எக்கோவை ஒருபோதும் விட முடியாது. வேறு பெயர் சொல்லப்பட்ட பிள்ளையின் தாய் இதைப் படித்தால், உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.)

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இசிஜி எடுத்தோம். முதல் மூன்றும் ஒரே மாதிரி. நான்காவதில் இடது கிளையின் ஒரு பாதையும் போயிருந்தது. அன்று காலையில்தான் அவள் அத்தை வீட்டுக்குச் சைக்கிளில் போய்வந்திருந்தாள். இதயத்துக்குத் துடிப்பு கொடுக்கும் சின்னக் கருவியான பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். "நல்லா இருக்கிற பிள்ளை நெஞ்சைக் கிழிக்கணுமா? மயக்கம்கூட வந்ததில்லையே" என்று என் வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "இந்த நோயில இது எப்பவும் படிப்படியாவே போகாது. சொல்லாமக் கொள்ளாம ஒரே நாள்ல முழுசா அடைபட்டுடலாம். முதல் மயக்கமே கடைசி மயக்கமா ஆயிடக்கூடாது" என்றார்.

வைத்தோம். இடது காலர் எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவுகூட இல்லை. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, கருவியின் பதிவைக் கணினியில் பார்த்தார்கள். அவளுடைய கீழறைத் துடிப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே பேஸ்மேக்கர் கொடுத்தவை. அந்த மூன்று மாதத்துக்குள் எப்போதோ மூன்றாவது பாதையும் அடைபட்டுவிட்டது. எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்த ஒரு காலையாக இருக்கலாம். அவள் கணக்குப் பரீட்சை எழுதிய நாளாக இருக்கலாம். அந்த நாள் எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டதே, அந்த நன்றியை எப்படிச் சொல்வது தங்கச்சி?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண் மருத்துவர் கேர்ன்ஸும் நோய்க்குறியியல் மருத்துவர் சேயரும் இரண்டு நோயாளிகளை வைத்து இந்த நோயை எழுதியது 1958இல். கண் அசைவு நின்றுபோவது, விழித்திரைக் கோளாறு, இதய அடைப்பு, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். அதே 1958, அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதல்முறையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அவருக்கு இருந்தது வேறு காரணத்தால் வந்த இதய அடைப்பு. முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. விடவில்லை, மாற்றி மாற்றி வைத்தார்கள். வாழ்நாளில் 26 கருவிகள். 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பேட்டரி மாற்ற வேண்டிவருமே என்று என் மகள் பயப்படும்போதெல்லாம் அவர் கதையைத்தான் சொல்வேன்.

பேஸ்மேக்கர் நோயைக் குணமாக்காது, அதையும் மறைக்க மாட்டேன். கண், காது, நடை, சர்க்கரை எல்லாவற்றையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கிறது. சில பிள்ளைகளுக்குத் துடிப்பு தாறுமாறாகும்போது மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியும் தேவைப்படலாம்.

இன்னொன்று. உன் மாமியார் "தாய் வழியா வர்ற நோயாமே" என்று உன்னைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கும் அதே பேச்சு வந்தது, இரண்டு வருடம் அதை நம்பிக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் கேர்ன்ஸ்-சேயர் நோயில் இருக்கும் அந்தப் பெரிய துண்டு இழப்பு பெரும்பாலும் தாயிடமிருந்து பரம்பரையாக வருவதில்லை, கருமுட்டையிலோ கருவின் தொடக்கத்திலோ தற்செயலாக நேர்வது. நீ சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, யாரைக் கட்டிக்கொண்டதாலோ வந்ததில்லை. மரபணு ஆலோசகரிடம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. அவர் காதாலேயே கேட்கட்டும்.

மயங்கி விழுந்தால் வெயில் என்றோ பசி என்றோ விட்டுவிடாதே. உடனே மணிக்கட்டில் நாடி பார், ஆஸ்பத்திரிக்குப் போ. வலிப்பு என்று நினைத்து மருந்து எழுத வந்தால், நோயின் பெயரைச் சொல்லி முதலில் இசிஜி எடுக்கச் சொல். வால்ப்ரோயேட் என்கிற வலிப்பு மருந்தை மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள பிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள், அதையும் எடுத்துச் சொல். எந்த ஆபரேஷனானாலும் நீண்ட நேரம் வெறும் வயிற்றில் போடவிடாதே, குளுக்கோஸ் ஏற்றுவது பற்றிக் கேள். விளையாட்டு வாத்தியாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடு.

ஒருநாள் பேஸ்மேக்கர் வேண்டும் என்று சொன்னால், எம்ஆர்ஐ எடுக்கத் தோதான வகையைக் கேள். நம் பிள்ளைகளுக்கு மூளை எம்ஆர்ஐ அவ்வப்போது தேவைப்படும். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்தால் பயப்பட வேண்டாம், நிற்காமல் நடந்துபோனால் போதும், பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். என் மகள் போன சித்திரையில் அப்படித்தான் மீனாட்சியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

உன் மகனுக்கு இசிஜி எடுத்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடு. டாக்டர் சொன்னால், 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருந்து துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியும் வைத்துப் பார். எடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி வெளியே எடு. அது வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். நாளைக்கே கடையில் நகல் எடுத்து, மேலே தேதி எழுதி, ஃபைலில் முதல் பக்கமாக வை. அடுத்ததை அதன் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் பார்க்க வேண்டும்.

நான் அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை காலையில் அதே பெஞ்சில் இருப்பேன். என் மகளும் வருவாள். ஃபைலை எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா