"வேகமா நட"ன்னு சொல்லுததுக்கு முன்னாடி நாடி பாக்கச் சொல்லுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல உடல் பருமன் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. அந்த ஒரு வரிதான் என்னைய மூணு வருசமா வீட்டுக்குள்ள உக்கார வச்சது, அதான் எழுதுதேன்.

எனக்கு 48 வயசு, ஊரு பாளையங்கோட்டை. அப்போ 92 கிலோ இருந்தேன். எங்க தெருவுல நாலஞ்சு பேரு காலைல அஞ்சரைக்கு வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போவாங்க, நானும் கூடப் போனேன். மூணாவது ரவுண்டுலயே நெஞ்சு படபடன்னு அடிச்சி நாக்கு உலர்ந்து கண்ணு இருட்டிக்கிட்டு வரும், அவங்க கதை பேசிக்கிட்டே முன்னால போயிருவாங்க, நான் அவங்களப் புடிக்கணும்னு எட்டிப் போட்டு நடப்பேன், ஒரே வாரத்துல கால்முட்டு வீங்கிப் படுத்தாச்சு. அப்புறம் ஒரு ஜிம்ல சேந்தேன். அங்க இருந்த தம்பி எல்லாருக்கும் வைக்குத அதே ஸ்பீடத்தான் எனக்கும் ட்ரெட்மில்ல வச்சிட்டுப் போவாரு, முடியலப்பான்னா "மனசு வச்சா முடியும் மேடம்"பாரு. மனசு வச்சதுனாலதான அய்யா மூணு மாசப் பணத்த மொத்தமா கட்டினேன்? 12 நாள்தான் போக முடிஞ்சது.

போன தீவாளிக்கு வந்த மக ஹார்ட் பீட் காட்டுத வாட்ச் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. மறுநாள் மைதானத்துல பழைய வேகத்துல ஒரு ரவுண்டு போயிட்டுப் பாத்தேன், 158. அதே வாட்ச கழட்டி பக்கத்து வீட்டு அக்கா கையில கட்டி விட்டேன், அதே ரவுண்டு, அதே நடை, அவங்களுக்கு 108. அந்த இடத்துலயே எனக்கு அழுகை வந்துட்டு. இத்தன வருசமா சோம்பேறின்னு எல்லாரும் சொல்லி நானும் நம்பிட்டேனே.

கணக்கு இதுதான். 220ல வயசக் கழிச்சா இதயம் உச்சமா எவ்வளவு துடிக்கும்னு ஒரு தோராயம் கிடைக்கும், எனக்கு 172. மிதமான உடற்பயிற்சின்னா அதுல நூத்துக்கு 64லருந்து 76 வரைக்கும், அதாவது எனக்கு 110லருந்து 131க்குள்ள. 158ன்னா உச்சத்துல 92 சதவீதம், அந்த அக்கா உலாத்திக்கிட்டிருந்த நேரம் நான் ஓட்டப்பந்தயம் ஓடிருக்கேன். பெரிய உடம்பு ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் பாரத்த தூக்கிட்டுப் போகுது, அதனால ரெண்டு பேருக்கும் வேகம் ஒண்ணுன்னாலும் உழைப்பு ஒண்ணு இல்ல. மகளும் ஆரம்பத்துல "பத்தாயிரம் ஸ்டெப் போம்மா"ன்னுதான் சொன்னா, அந்தப் பத்தாயிரமே 1965ல ஜப்பான்ல வித்த ஸ்டெப் எண்ணுத ஒரு கருவிக்கு வச்ச பேர்லருந்து வந்ததுதான், என் உடம்பப் பாத்து யாரும் சொன்னதில்ல.

இப்ப 130 தாண்டினா மணிக்கட்டுல அதிரும்படி வச்சிருக்கேன். அதிர்ந்தா நிக்க மாட்டேன், நடைய மட்டும் குறைப்பேன், 115க்கு எறங்கினா மறுபடி கூட்டுவேன். மொத பத்து நாள் நெல்லையப்பர் கோயில் பிரகாரம் சுத்துத மாதிரிதான் நடந்தேன். மூணு மாசம் கழிச்சி, முன்னால 158 காட்டுன அதே வேகத்துல போயிப் பாத்தா 129! தராசுல நாலு கிலோதான் குறைஞ்சிருந்துச்சு, ஆனா ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுலயும் முட்டுக்கு நாலு கிலோ பாரம் குறையும்னு ஆராய்ச்சில கண்டிருக்காங்களாம், அது உண்மைன்னு மாடிப்படி ஏறும்போது என் முட்டே சொல்லுது. தராசு முள்ளு அசையாத வாரத்துலயும் நாடி குறைஞ்சத பாத்ததுனாலதான் விடாம நடந்தேன்.

வாட்ச் இல்லாமலும் முடியும். நின்ன உடனே பெருவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரல் வச்சி 15 வினாடி எண்ணி நாலால பெருக்கினாப் போதும் (கட்டைவிரல வைக்கக் கூடாது, அதுலயும் துடிப்பு உண்டு). வாட்ச தொளதொளன்னு கட்டினா தப்பாக் காட்டும், அப்பவும் விரல்தான் கை கொடுக்கும். எங்க மதினி பிரஷருக்கு அட்டினலால் போடுதாங்க, அந்த மாத்திரை துடிப்ப ஏற விடாது, அதனால 100 காட்டுதேன்னு அவங்க இன்னும் வேகமாப் போயிறக் கூடாது. அவங்களுக்கு வாய்தான் அளவு, கூட வாரவங்ககிட்ட பேச முடியணும், பாட முடியக் கூடாது. நெஞ்சுல வலி, கிறுகிறுப்புன்னா நடைய நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போயிறணும்.

நம்ம தமிழ்நாட்டுல பெண்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு எடை கூடுதல்னு 2019-21 தேசிய குடும்பநல கணக்கெடுப்பே சொல்லுது. 2023 நவம்பர்ல அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, மனசார வரவேற்கேன். ஆனா என்னைய மாதிரி ஒருத்தி மொத நாளே எட்டு கிலோமீட்டரும் நடந்தா மறுநாள் வர மாட்டா. அந்தப் பாதையில நாடி எப்படிப் பாக்கணும், எந்த வயசுக்கு எவ்வளவுன்னு ஒரு போர்டு வைக்கணும். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பிரஷர் பாக்குத பிள்ளைகள், கூடவே விரல் வைக்கவும் அஞ்சு நிமிசத்துல சொல்லிக் கொடுத்துரலாம்.

போன வாரம் மைதானத்துல ஒரு பிள்ளை, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மூச்சு வாங்கி பெஞ்சுல உக்காந்திருந்தா. கைய வாங்கி எண்ணினேன், 15 வினாடிக்கு 41, அதாவது நிமிசத்துக்கு 164. "நாளைலருந்து என்கூட மெதுவா வா"ன்னேன், வந்துட்டிருக்கா. அடுத்த தடவ நடைப்பயிற்சி பத்திப் போடும்போது இந்த நாடிக் கணக்கையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்க அய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.