கராஜில் பட்டறை போட்ட மகனுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அப்பாவுக்கு லேத் (கடைசல் மெஷின்) மேல்தான் கண். எனக்குப் பட்டது மேசை மேல் கிடந்த இரண்டு சாமான்கள்: நுணுக்கமாகத் தடிமன் அளக்கும் அந்தப் பழைய மைக்ரோமீட்டர் (நம் பேச்சில் மைக்), அதை ஒட்டினாற்போல ஈயக் கட்டிகள் போட்ட பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

"மூடினால் சைபர் காட்டுகிறது, அப்போ மைக் சரிதானே அம்மா?" என்று கேட்டிருந்தாய். சைபரில் சரி, அவ்வளவுதான் தெரியும். உன் மைக்கின் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், அதோடு சேர்ந்து சுற்றும் உருளையான திம்பிளில் 50 கோடு. முன்னால் வைத்திருந்த ஆள் வருஷக்கணக்கில் ஒரே சைஸ் ஷாஃப்ட்டை அளந்துகொண்டிருந்தால் அந்த இடத்து மரை மட்டும் தேய்ந்திருக்கும். சைபரில் அது தெரியவே தெரியாது.

மைக் சோதிப்பதற்கென்றே அளவு துல்லியமாகத் தெரிந்த பத்து கட்டைகள் கொண்ட ஸ்லிப் கேஜ் செட் உண்டு, மி.மீ. கணக்கில்: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25. இதென்ன கோணல் கணக்கு என்று நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். 5, 10, 15 என்று வைத்தால் திம்பிள் ஒவ்வொரு முறையும் சைபர் கோட்டிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை கடைசிவரை ஒளிந்துகொள்ளும். இந்த அளவுகளில் 5.1 வைத்தால் திம்பிள் 10-இல் நிற்கும், 7.7-க்கு 20, 10.3-க்கு 30, 12.9-க்கு 40. சுற்றின் எல்லாப் பக்கமும் பிடிபட்டுவிடும்.

வாசித்ததில் கட்டை அளவைக் கழித்து, கூட்டல் கழித்தல் குறியோடு எழுது. எல்லாவற்றிலும் ஒரே வித்தியாசம் வந்தால் சைபரைத் திருத்தினால் போதும். போகப் போகக் கூடிக்கொண்டே போனால் திருகிலேயே கோளாறு. நடுவில் ஒரு இடம் மட்டும் துள்ளினால் தேய்மானம். 0–25 மி.மீ. மைக்குக்கு 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். நீ செய்யும் நீராவி எஞ்சினுக்கு அது தாராளம்.

அளப்பதற்கு முன் மைக்கின் இரண்டு அளக்கும் முகத்துக்கும் நடுவில் சுத்தமான வெள்ளைத்தாளை லேசாகப் பிடித்து இழுத்துவிடு. மைக்கின் நுனியில் இருக்கும் ராட்செட்டை மெதுவாகத் திருப்பு. வேகமாக விட்டால் அதுவே இரண்டு மூன்று மைக்ரான் இறுக்கிவிடும். முகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க பேரிங்கில் இருந்து ஒரு சின்ன உருளை எடுத்து நடுவிலும் நான்கு ஓரத்திலும் வைத்து அளந்து பார். தாடை வைத்த நழுவும் அளவுகோலான வெர்னியருக்கும் ஒரு சோதனை சொல்கிறேன்: ஒரே கட்டையைத் தாடையின் அடியில் ஒரு தரம், நுனியில் ஒரு தரம் அள. இரண்டும் வேறு வேறாக வந்தால் தாடை ஆடுகிறது. வெர்னியரில் ஸ்கேல் ஒரு கோட்டிலும் ஜாப் (அளக்கும் பொருள்) இன்னொரு கோட்டிலும் இருப்பதால் வரும் வினை அது. மைக்கில் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறது, அதனால்தான் நான் மைக் கட்சி.

சூட்டையும் மறக்காதே. உலகம் முழுக்க நீளத்தை 20 டிகிரியில்தான் பேசுகிறார்கள். உன் ஹாமில்டன் கராஜ் குளிரில் 5 டிகிரி இருந்தாலும் பரவாயில்லை. மைக், கட்டை, ஜாப் மூன்றும் ஒரே குளிரில் கிடந்தால், மூன்றும் இரும்பு வகை என்பதால் சேர்ந்தே சுருங்கும். வம்பு எங்கே என்றால், லேத்தில் இருந்து இறக்கிய சூட்டோடு அளப்பதில். 25 மி.மீ. வார்ப்பிரும்பு 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 8 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எங்கள் கம்பெனியில் புரொடக்‌ஷன் பையன்கள் சுடச்சுட ஜாப்பைக் கொண்டுவந்து "அக்கா, சீக்கிரம்" என்று நிற்பார்கள். ஏசி ரூமில் வைத்துவிட்டு நாளைக்கு வா என்பேன். திட்டிக்கொண்டே போவார்கள்.

இந்த ஸ்லிப் கேஜைக் கண்டுபிடித்த ஜோஹான்சன், ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டுனா என்ற ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 102 கட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டினால் 20,000 அளவுகள் கிடைக்கும் என்று 1896-இல் கணக்குப் போட்டார். கட்டைகளை நுணுக்கமாகத் தேய்த்து முடிக்க வீட்டில் இருந்த மனைவியின் தையல் மெஷினைத்தான் மாற்றி அமைத்துக்கொண்டாராம். உன் வீட்டுக்காரியின் மிக்ஸிக்கு ஏதாவது ஆனால் நான் அவள் பக்கம்தான்.

சரி, ஈயத்துக்கு வருகிறேன். சிலிண்டர் போரை (உள்துளையை) வழவழப்பாகத் தேய்க்க ஈயத்தில் லேப், அதாவது தேய்ப்புக் கட்டை, வார்க்கப் போகிறேன் என்கிறாய். யோசனை நல்லதுதான். லேப் ஜாப்பைவிட மெத்தென்று இருந்தால்தான் தேய்ப்புப் பொடி லேப்பில் பதிந்து நின்று ஜாப்பை அறுக்கும். டேப்பர் கம்பியை (ஒரு பக்கம் சிறுத்துப் போகும் கம்பி) சுற்றி வார்த்தால், தேயத் தேய கம்பியைத் தட்டி லேப்பை விரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு சிலிண்டருக்கு ஈயம்தான் வேண்டுமா? பித்தளையில் பிளவு போட்டு விரியும் லேப்பை அந்த லேத்திலேயே செய்யலாம், அடுப்பே வேண்டாம். என் மனசு அதில்தான் இருக்கிறது. இருந்தாலும் நீ வார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். வார்த்துப் பார்க்கும் ஆசை பவுண்டரி (வார்ப்பாலை) ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இல்லாமலா இருக்கும்.

அப்படியானால் கேள். ஈயம் 327 டிகிரியில் உருகும்; 380-க்கு மேல் போக வேண்டிய வேலையே இல்லை. தெர்மாமீட்டர் வாங்கு. அதிகம் காய்ச்சினால் புகையும் கசடும்தான் மிச்சம். கார் சக்கரத்தில் கழற்றிய எடைகள் கலந்திருந்தால் அதில் துத்தநாகம் இருக்கலாம். அது உருக 419 டிகிரி வேண்டும். நீ சூட்டை அடக்கி வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். பழைய பேட்டரித் தகட்டைத் தொடவே தொடாதே. அதில் அமிலம் மட்டுமா, ஆர்சனிக், ஆன்டிமனி எல்லாம் இருக்கும். அதன் கசடில் ஈரம் பட்டால் கிளம்பும் வாயு ஆளையே கொன்றுவிடும்.

உன் ஊரில் எனக்கு இருக்கும் பெரிய பயம் தண்ணீர். குளிரில் கிடந்த கட்டியை உள்ளே கொண்டுவந்தால் மேலே வியர்த்துவிடும். அதை உருகிய ஈயத்தில் போட்டால், ஒரு சொட்டு தண்ணீர் ஆவியாகி 1,700 மடங்கு விரியும்; சட்டியில் இருப்பது உன் முகத்துக்கு வரும். எல்லாக் கட்டியையும் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவை. நடுவில் எதுவும் சேர்க்காதே. கம்பி, அச்சு, கரண்டி எல்லாவற்றையும் சூடுகாட்டி ஈரம் போக்கு. இரும்புச் சட்டி, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு, முழுக்கை பருத்திச் சட்டை, தோல் ஷூ.

இதையெல்லாம் நீ செய்துவிடுவாய், படித்தவன். எனக்கு நம்பிக்கை இல்லாதது அதற்கப்புறம். 380 டிகிரியில் ஈய ஆவி மிகக் குறைவு. ஆபத்து மேலே படியும் அந்தச் சாம்பல் நிறக் கசடுத் தூளில்தான். அது கையில் ஒட்டும், ஷூ அடியில் ஒட்டும், வீட்டுக்குள் நடந்து வரும். உன் குழந்தை அம்மிணி இப்போதுதான் தவழ்கிறாள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயசு. வாய் வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைக்ரானைப் பற்றி என்னிடம் கேட்கிறாயே, இதில் எத்தனை மைக்ரான் தூள் என்று எந்த மைக்கும் காட்டாது.

அதனால் கராஜ் வேண்டாம், வீட்டோடு ஒட்டிய இடம் அது. மழையும் பனியும் இல்லாத நாளில் வெளியே, காற்று உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று உருக்கு. தனிச் சட்டை, தனி ஷூ, அவற்றைத் தனியாகத் துவை. துடைப்பத்தால் கூட்டாதே, ஈரத்துணியால் துடை. லேப்பை லேத்தில் கடைந்த பிறகும் அதே. கசடை மூடி போட்ட டப்பாவில் வைத்து அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடு. அந்தச் சட்டி ஜென்மத்துக்கும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. இதை வழக்கமாக்கிக்கொள்வதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல், அம்மிணிக்கும் சேர்த்து.

போரின் அகலத்தை, உள்ளே விரிந்து நிற்கும் டெலஸ்கோப் கேஜ் வைத்து எடுத்து மைக்கில்தானே வாசிக்கப் போகிறாய்? மைக்கின் பிழை அப்படியே போருக்குப் போகும். ஆகவே லேப்புக்கு முன்னால் மைக். பத்து கட்டை வாசிப்பையும் வாட்ஸ்அப்பில் போடு. சைபரைத் திருத்திவிட்டு எடுக்காதே, இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே. டேப்பர் எவ்வளவு வைக்கலாம் என்று அப்பா தாளில் வரைந்துகொண்டிருக்கிறார், முடிந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். பித்தளை லேப்புக்கும் சேர்த்தே வரையச் சொல்லியிருக்கிறேன்.

அம்மிணிக்கு முத்தம். மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அம்மா