ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் ஆறு வாரம் சொட்டு மருந்து என்று ஓடியதில் பதில் போட முடியவில்லை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தானே பேப்பர் படிக்கிறார். உன் மூட்டுவலி தேவலையா? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா?

நாவல் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். 1930-களில் இரண்டு கற்பனை நாடுகளுக்குள் எல்லைச் சண்டை என்று சொன்னேனே, அதில் ஏழாம் அத்தியாயம்தான் பெரிய போர். நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். பீரங்கி, பதுங்குகுழி, வீரம், துரோகம் எல்லாம் இருந்தது. ஒரு சிப்பாய்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. போன வாரம் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

போக்கெரோன் சண்டையைப் பற்றிப் படித்தபோதுதான் அது உறைத்தது. தென்னமெரிக்காவில் பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ என்கிற முள்காட்டுச் சமவெளிக்காக 1932-ல் மோதின. சிலியிடம் கடற்கரையைப் பறிகொடுத்த பொலிவியா, பராகுவே ஆறு வழியாகக் கடலுக்குப் போகப் பார்த்தது. பராகுவேயோ 1864-70 போரில் சின்னாபின்னமான நாடு. இன்னொரு துண்டு நிலத்தை விட அதற்கு மனசு வரவில்லை. மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறது என்ற பேச்சு வேறு. ஜூலை கடைசியில் பொலிவியா போக்கெரோன் கோட்டையைப் பிடித்தது. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொள்ளாதே. மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டிய காவல் நிலைதான்.

செப்டம்பர் 9-ஆம் தேதி அதை மீட்க பராகுவே வந்தது. உள்ளே பொலிவியாவின் லெப்டினன்ட் கர்னல் மர்சானாவும் சுமார் 600 பேரும். வெளியே பராகுவே தளபதி எஸ்திகாரிபியாவின் படையில் ஆரம்பத்திலேயே 5,000 பேர் இருந்தார்கள். நேராக ஓடி வந்தவர்களை இயந்திரத் துப்பாக்கி சாய்த்தது. குண்டுக்குத் தப்பியவர்களைத் தாகம் வாட்டியது. அவர்களுக்கான தண்ணீர் பின்னாலிருந்து லாரியில் வர வேண்டும், மாப்ள. லாரி வரவில்லை என்றால் படை நிற்க முடியாது. உள்ளே இருந்தவர்களுக்கு உணவு, மருந்து, தோட்டா எல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டார்கள், அதில் பலவும் எதிரி பக்கம் போய் விழுந்தன. அப்படியும் செப்டம்பர் 29 வரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் சரணடைந்தார்கள். அந்த நாள் பராகுவேயில் இன்றும் அரசு விடுமுறை.

பொலிவியப் படையின் மலைநாட்டுப் பையன்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. அய்மாரா, கெச்சுவா பேசுகிற குடியானவர்கள். பத்தாயிரம் அடிக்கு மேலே குளிரில் வளர்ந்த பிள்ளைகளை அந்த வெயிலிலும் புழுதியிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே போரில் 1934 டிசம்பரில் நடந்தது இன்னும் கொடுமை. பராகுவேயின் கர்னல் கராய், அறுபது வயது மனிதர், தன் ஆட்களோடு காட்டுக்குள் நடந்தே போய் பொலிவியப் படை தண்ணீருக்கு நம்பியிருந்த இரென்தாகுவே கிணறுகளைப் பிடித்துவிட்டார். அவர்களும் அரை உயிராகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கிணறு கைமாறியதும் பொலிவியப் படை உடைந்து சிதறியது. ஆயிரக்கணக்கானவர்கள் உடம்பில் ஒரு தோட்டா படாமல், நாக்கு வறண்டு செத்தார்கள். இதைப் படித்த பிறகு என் அத்தியாயத்தைத் தொடவே கூசியது.

சரி, புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை தளபதி கிடையாது. ஒரு தண்ணீர் லாரி டிரைவர். இருட்டில் விளக்கில்லாமல் மணல் தடத்தில் வருகிறான். பின்னால் டிரம்களின் வாயில் ஈரச் சாக்கு கட்டியிருக்கிறது. வழியில் காயம்பட்ட ஒருவன் கையை நீட்டுகிறான். நிறுத்தினால் நூறு பேர் ஓடி வருவார்கள், முன்வரிசைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நீ முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவன். அதனால் கேட்கிறேன். டிரம் பாதி காலியானால் வளைவில் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்? மணலில் சக்கரம் புதைந்தால் முதலில் என்ன செய்வாய்? கோடையில் தெருவே குடத்தோடு மறித்து நின்றபோது நீ நிறுத்தினாயா, ஓட்டிக்கொண்டு போனாயா? மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுது.

அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் பழைய ரூம்மேட்