பச்சை மஞ்சள் வயர்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததா?

முதலில் ஒரு வேலை செய். உன் ஆம்ப்ளிஃபையர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மேலே படி.

அப்பாவின் ரெக்கார்டு பிளேயரை மறுபடி ஓடவைத்தேன். பாட்டோடு சேர்ந்து ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். “சுருதிப்பெட்டி பிரமாதம் மாமா” என்கிறார் மருமகன். பிளேயரின் பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபையர் திருகில் மாட்ட மறந்திருந்தேன். மாட்டியதும் பாதி அடங்கியது. மீதிப் பாதி மூன்று வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. தோட்டத்து லயத்தில் உன் குறட்டைக்குப் பிறகு எதுவும் என்னை இப்படிப் படுத்தியதில்லை.

கடைசியில் என் பழைய வித்தையை எடுத்தேன். ஆம்ப்ளிஃபையர் பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரை, அதாவது எர்த் வயரை, கழற்றினேன். சத்தம் சுத்தமாக நின்றது. இரண்டு நாள் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி மாதிரி காலை நீட்டிப் பாட்டுக் கேட்டேன். மூன்றாம் நாள் பேத்தி குளித்த ஈரத்தோடு ஓடிவந்து ஆம்ப்ளிஃபையரின் தகரத்தைப் பிடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை, மணி. ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கோயில் திடல், தூறல், நம் மாரி கையில் அந்த மைக். எப்படி மறந்தேன்? உள்ளே ஒரு வயர் உராய்ந்து தகரத்தில் பட்டிருந்தால் 230 வோல்ட்டும் அங்கேயே காத்திருக்கும். எர்த் இருந்தால் மின்சாரம் மண்ணுக்கு ஓடும், கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் இ.எல்.சி.பி. சுவிட்ச் பட்டென்று விழும். இல்லாவிட்டால் பிள்ளையின் உடம்புதான் வழி.

அன்றிரவே வயரைத் திரும்ப மாட்டினேன். ‘உம்ம்ம்’ வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

மறுநாள் பின்னால் உள்ள வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டிவி பெட்டியிலிருந்து வரும் வயரை எடுத்ததும் அமைதி! உன் அண்ணி துணி மெஷினைப் போட்டால் இரைச்சல் கூடுகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். (அவளிடம் சொன்னேன். “இனிமேல் நீங்களே துவையுங்கள்” என்றாள்.)

வயர்மேன் வந்து பார்த்தார். இடி விழுந்து பழைய டிவி போன பிறகு, டிஷ்ஷுக்கென்று தனியாக மண்ணில் ஒரு எர்த் கம்பி இறக்கியிருந்தோம் அல்லவா? வீட்டுக்கு ஒரு கம்பி, டிஷ்ஷுக்கு ஒரு கம்பி. மெஷினிலும் ஐஸ் பெட்டியிலும் கசியும் கொஞ்ச மின்சாரம் வீட்டுக் கம்பி வழியாக இறங்கும்போது, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் வருகிறது. அது டிஷ் கேபிள், டிவி பெட்டி, ஆடியோ வயர் வழியாகச் சுற்றி ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைகிறது. கரண்டின் அந்த 50 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் என் சுருதிப்பெட்டி. மூன்றாவதாக ஒரு கம்பி அடிக்கலாமா என்று கேட்டேன். முறைத்தார். இருக்கும் இரண்டையும் தடித்த செம்பு வயரால் இணைத்தார். இரைச்சல் நன்றாகக் குறைந்தது. டிவி பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வைத்ததும் மிச்சமும் போனது. இரண்டு பக்கமும் வயர் ஒட்டாமலே பாட்டைக் கடத்திவிடும் சாமான் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் உன் ஆம்ப்ளிஃபையர் பெட்டி இரைந்தது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு ‘மந்திரம்’ என்றேன். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதே வித்தைதான், மணி. இத்தனை வருடமாக உன் வீட்டில் எர்த் இல்லாத பெட்டி ஓடுகிறது.

பிளக்கைத் திற. பச்சை மஞ்சள் வயர் ஓரமாக மடங்கிக் கிடக்கும். மேலே உள்ள நீளமான பின்னில் மாட்டி, திருகை நன்றாக முறுக்கு. உனக்குக் கண் சரியில்லை என்றால் ஒரு வயர்மேனைக் கூப்பிடு, காசு நான் தருகிறேன். சத்தம் திரும்ப வரும். வந்தால் வரட்டும், நான் ஜொகூருக்கு வந்து சரிபண்ணித் தருகிறேன். முடித்ததும் ராத்திரியானாலும் போன் போடு.

உன்,
சுருதிப்பெட்டி