காக்காவைத் தாத்தா என்னும் பிள்ளைக்குத் தமிழ் அட்டை வேண்டும்

மாவட்ட மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பேச்சு சிகிச்சை அறையில் இருந்த தமிழ்ப் பட அட்டைகளை, அனுமதி பெறாத பொருள் என்று சென்ற வாரம் எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டோம். அவற்றை மீண்டும் வைக்க அனுமதி கேட்டே இந்த மடல்.

‘க’ வராமல் ‘த’ சொல்லும் பிள்ளைகள் நம் அறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காக்கா தாத்தாவாகும், கை தையாகும். அவர்களுக்கு இப்போது மிஞ்சியிருப்பது மலாய் அட்டைகள் மட்டுமே. சொல்லின் முதல், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் ஒலியைச் சோதிக்கும் தொகுதி அது. கடைசி இடத்துக்குத் தவளைப் படம்: ‘காத்தாக்’. மலாயில் அந்தக் கடைசி ஒலி பின்நாக்கில் பிறப்பதில்லை, தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும். பிள்ளை அதைச் சரியாகச் சொன்னாலும் ‘க’ வந்ததாகாது. பதிவுத் தாளில்தான் மதிப்பெண் ஏறும். தமிழிலோ சொந்தச் சொல் எதுவும் ‘க்’ என்று முடிவதில்லை. நம் ‘க’ வலுவாக ஒலிப்பது சொல்லின் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும். ‘பகல்’ என்ற சொல்லில் அது மெலிகிறது. ‘சங்கு’ என்பதில் வேறு ஒலியாகிறது.

அதனால் எடுத்த எடுப்பில் எந்தச் சொல்லையும் கொடுத்துவிட முடியாது. கத்தி, காது, கட்டில் தொடக்கத்துக்கு ஆகா. பக்கத்தில் நிற்கும் ‘த’வும் ‘ட’வும் ‘க’வை முன்னுக்கு இழுத்துவிடும். கோழியும் வேண்டாம், ‘க’வோடு ‘ழ’வும் சேர்ந்து ஒரே சொல்லில் இரண்டு சிரமம். கை, கம்பி, கப்பல், அக்கா, மூக்கு, பாக்கு என்று தொடங்க வேண்டும். மரக்குச்சியால் நுனிநாக்கை மெல்லக் கீழே பிடித்தால் பின்நாக்கு எழும்பும். முதலில் தனி ஒலி, பிறகு கா, கீ, கூ, பிறகு சொல், அதன் பிறகே வாக்கியம். சிகிச்சையாளர் குறித்த அளவு, பத்துக்கு எட்டு, அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் வந்தால்தான் மேலே போகிறோம். அதற்குப் பிறகு காக்கா, தாத்தா படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளை சொன்னதையே எடுத்துக் கொடுக்கிறோம். காக்கா கேட்டுத் தாத்தா கையில் வரும்போதுதான், இரண்டும் வேறு ஒலி என்று பிள்ளைக்கு உறைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் அட்டைகள்தாம் அலமாரியிலிருந்து போனவை.

மதிப்பீட்டில் நாங்கள் தலையிடவில்லை. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் (774ஆம் சட்டம்) பேச்சு-மொழி சிகிச்சையாளரைத் தனித் தொழிலராகப் பட்டியலிட்டிருக்கிறது. குறையைக் கண்டறிவதும் இலக்கு வகுப்பதும் அவர் பொறுப்பு. அவர் வகுத்ததைப் பிள்ளையின் வாயில் கொண்டுவருவதே உதவியாளர் வேலை. வேலைக்குரிய கருவியை எடுத்துவிட்டு முன்னேற்ற அறிக்கை மட்டும் மாதந்தோறும் கேட்பது நியாயமா?

வீட்டுப் பயிற்சித் தாளையும் மலாயில் மட்டும் தரச் சொல்கிறீர்கள். தோட்டத்தில் தாயும் தகப்பனும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் பயிற்சி கொடுக்க வேண்டியவர் பாட்டி. அந்தத் தாள் அவருக்கு எதற்கு உதவும்? 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோதே, பயிற்சியில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பதுதானே அடிப்படை? எல்லாக் கூட்டத்திலும் ‘குடும்பப் பங்கேற்பு’ என்கிறோம், குடும்பம் பேசும் மொழிக்கு மட்டும் அறையில் இடமில்லை.

இன்னொன்று. தோட்டப்புறத்தில் பல வீடுகளில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். அது வீட்டு வழக்கு, பேச்சுக் குறை அல்ல. அதைக் குறிக்கப் பதிவுத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

மலாய் அட்டைகளை நீக்கச் சொல்லவில்லை. பள்ளியில் பிள்ளைக்கு அவையும் தேவை. பக்கத்தில் தமிழ் அட்டைகளும் இருக்கட்டும். எழுத்தில்லாத நாற்பது படங்கள், அஞ்சலட்டை அளவு, துடைத்தெடுக்க வசதியாக பிளாஸ்டிக் உறை. செலவு கேட்கவில்லை, அனுமதிதான் கேட்கிறோம். சிகிச்சையாளர் சொற்பட்டியலைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். வேண்டாத சொல்லை நீக்கிவிடுகிறோம். அடுத்த அமர்வுகள் தொடங்குமுன் பதில் தந்தால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
பேச்சு சிகிச்சை உதவியாளர்கள்