முதலில் இரத்தம், பிறகு டொக்டர்

உவர்மலை உறவுகளுக்கு வணக்கம். போன வருடம் டொக்டரைப் பார்த்த பிறகுதான் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். றிப்போர்ட்டைக் காட்ட இன்னொரு நாள் அலைந்தோம். இம்முறை இரத்தம் எடுப்பது வரும் சனி காலை 6.30, சனசமூக நிலையத்தில். டொக்டர் அதற்கடுத்த சனி பின்னேரம் 4 மணி.

1. வெள்ளி இரவு 8 மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், நரம்பு பிடிக்க லேசு. பிளேன்டீ, ஒரு கடி பனங்கட்டியோடு என்றாலும், வேண்டாம்.
2. சீனி வருத்தத்துக்குக் குளிசை, இன்சுலின் எடுப்பவர்கள் காலை மருந்து பற்றி உங்கள் டொக்டரிடம் முன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
3. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி) மட்டும் பார்ப்பவர்களுக்குப் பட்டினி தேவையில்லை.
4. கிளினிக் கொப்பி கட்டாயம்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயர் போடுங்கள். தனியே இருக்கும் அம்மா, ஐயாமாரையும் சொல்லுங்கள். ஓட்டோ ஒழுங்கு செய்கிறேன்.