பால்பல்லுத்தானே என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கு

வன்னியில் சிறுவர் பற்சுகாதாரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏ9 வீதியிலிருந்து மேற்கே நெடுந்தூரம் உள்ளே போனால் வருகிற ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பல் கிளினிக் பூட்டிக் கிடப்பதும், இருந்தவர் மாற்றலாகிப் போனபின் வேறொருவர் வராததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை.

போன கிழமை நாலு வயதுப் பிள்ளையொன்று வீங்கின கன்னத்தோடு வந்தது. தாய் கச்சான் பிடுங்கப் போகிறவ. அன்றைய கூலியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. போய்ச்சேர இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது. கெஞ்சி உள்ளே போனதற்குக் கிடைத்தது பனடோலும், "பால்பல்லுத்தானே, விழுந்திடும்" என்ற பதிலும்.

ஐயா, அம்மா, கடைவாய்ப் பால்பல் விழ 10, 12 வயதாகும். அதுவரை இந்தப் பிள்ளை எதால் சப்புவது? காலையில் நாங்கள் அவித்துக் கொடுக்கிற கடலையை அது தொடுவதில்லை. கடித்தால் நோகுது. பிஸ்கட்டைச் சீனி போட்ட தேத்தண்ணியில் தோய்த்து விழுங்குகிறது. பசி ஆறும், சூத்தை இன்னும் பெருக்கும். மாதக் கிளினிக்கில் நிறை வரைபின் கோடு கீழே இறங்கும். உடனே குடும்பநல உத்தியோகத்தர் தாயைப் பேசுவா: "பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு குடுக்கிறேல்லையே?" அந்தப் புத்தகத்தில் நிறைக்குக் கோடு கீறுகிறவர்கள், வாயைத் திறந்து ஒருக்கால் பார்த்தால் என்ன? நோகிற பல்லுக்குக் கீழே சீழ் நின்றால், அடியில் முளைக்கக் காத்திருக்கிற நிரந்தரப் பல்லும் பழுதாகலாம் என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு 2 தடவை, ஒவ்வொரு முன்பள்ளிக்கும் ஒரு பற்சிகிச்சையாளர் வரவேண்டும். பல்லுக் கதிரை வேண்டாம், கரண்ட் வேண்டாம். பல்லைச் சூத்தையிலிருந்து காக்கிற புளோரைட் வார்னிஷ் சின்னத் தூரிகையால் பூசுவது. பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டே பூசலாம். சூத்தை தொடங்கின பல்லில் அதை நிறுத்தச் சில்வர் டைஅமைன் புளோரைட் என்ற பூச்சு மருந்து இருக்கிறது. துளைக்கத் தேவையில்லை. சூத்தை விழுந்த இடம் கறுக்கும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமே 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்கள் கிராமத்துக்கு மட்டும் ஏன் இன்னும் அத்தியாவசியமாகவில்லை?

"உங்கட தண்ணியில் புளோரைட் போதியளவு இருக்குது" என்று ஒருவர் சொன்னார். வவுனியாப் பக்கத்துச் சில கிணறுகளில் பல்லில் காவிநிறப் புள்ளி விழுமளவுக்கு இருப்பது உண்மை. ஆனால் நீங்கள்தானே சிறுநீரக நோய்க்குப் பயந்து ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணி குடிக்கச் சொன்னீர்கள்? அந்த வடி, புளோரைட்டையும் சேர்த்தே எடுத்துவிடும். எந்த ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று கிணற்றை அளந்துவிட்டுப் பேசுவோம்.

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். சீனித் தண்ணியோடு போத்தலை வாயில் வைத்துப் படுக்கவிட வேண்டாம் என்று தாய்மாருக்குச் சொல்கிறோம். புளோரைட் உள்ள பற்பசை 3 வயதுவரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு, படுக்கமுன் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறோம். சொல்லலாம். விழுந்த சூத்தையைச் சொல்லால் அடைக்கேலாது.

மார்ச் 20, உலக வாய்ச் சுகாதார தினத்துக்கு வந்தீர்கள். பதாகை கட்டினோம். பிள்ளைகள் பிரஷ் படம் கீறினார்கள். வென்ற பிள்ளைக்கு ரொபிப் பக்கெட் பரிசு. படம் பிடித்தீர்கள், ஒரு வாயும் திறந்து பார்க்கப்படவில்லை. கட்டடம் திறக்க, கல் நடக் காப்பெட் வீதியில் வருகிற வாகனங்களுக்குக் குறைவில்லை. ஒரு பெட்டி வார்னிஷோடு ஒரு ஆளை ஏற்றிவர மட்டும் வாகனம் இல்லை என்கிறீர்கள். இது கொஞ்சம் கடுமையான பேச்சு. பொறுத்தருளுங்கள்.

திரும்பவும் பணிவோடு கேட்கிறேன்: ஆண்டுக்கு 2 தடவை, முன்பள்ளிக்கே வாருங்கள். முதலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு 6 வயதில் ஒரு பல்லும் விழாமலே பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். அதைப் பால்பல்லென்று விட்டுவிடுகிற தாய்மாருக்கும் அன்றைக்கே காட்டிவிடலாம்.

எந்தக் கிழமை வருவீர்கள் என்று முன்கூட்டி ஒரு வரி அறிவியுங்கள். கூலிக்குப் போகிறவர்கள் அதற்கேற்றபடி நாளை மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை